வலது பக்கத்துக் கட்டம்

பேச்சிப்பாறைக்கு மேலே மலைச்சரிவில் எனக்கு ரப்பர் தோட்டம் உண்டு. அஞ்சாம் கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்டு, ஊரான் தோட்டத்தில் பால் வெட்டப் போனவன் நான். இன்றைக்கு என் தோட்டத்துக்குப் பால் வெட்ட ஆள் வருகிறது. யாரும் தந்ததில்லை, நானாக உண்டாக்கியது.

இந்த வருஷம் கிழட்டு மரங்களை முறித்துவிட்டு மறுநடவு. என் மருமகள் காலேஜில் கணக்கு ஆராய்ச்சி செய்கிறவள். எப்படி நட்ட ரப்பர் கன்று சீக்கிரம் சாகிறது, எது பிழைத்து நிற்கிறது என்று என் தோட்டத்திலும் அக்கம்பக்கத் தோட்டங்களிலும் வருஷக்கணக்காகப் பார்த்து, முடிவை ஒரே படமாகப் போட்டு என் போனுக்கு அனுப்பினாள். நடுவில் குத்தனே ஒரு கோடு. அதற்கு இடமும் வலமுமாகச் சின்னச் சின்னக் கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் ரெண்டு பக்கமும் மீசை மாதிரி நீட்டின கோடு. ஓரத்தில் நடவு முறையின் பெயர்.

கடைசி வலத்தில் நின்ற கட்டம், கன்றை ஒட்டி வாழை வைத்தது. வலது என்றால் நமக்கு நல்லதுதானே? இவளே வலது கால் வைத்துத்தான் என் வீட்டுக்குள் வந்தாள். அடுத்த வாரம் ரப்பர் கன்று நடவேண்டிய குழி ஒவ்வொன்றையும் ஒட்டி, ஆள் விட்டு வாழை ஊன்றிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தவள் சரிவைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தாள்.

"என்ன மாமா இது? நடுக்கோடு சாதாரண நடவு. அதுக்கு வலப்பக்கம் போனா சாவு கூடுதல், இடப்பக்கம் போனா குறைவுன்னு அர்த்தம்!"

"சாவைக் கொண்டு வலத்துல வைக்கிற ஊர் எது மக்ளே? அதைக் கீழ எழுதப்படாதா?"

"எழுதியிருக்கேன் மாமா. இங்கிலீஷ்ல."

குழி வெட்ட வந்தவன் சிரித்தான். ஒரு பார்வை பார்த்தேன், அடங்கினான்.

"என் முறை எங்க கிடக்கு?" என்று கேட்டேன். குழிக்கு அடியில் தேங்காய்க் கதம்பையை, அதான் உரித்த மட்டையை, கவிழ்த்து அடுக்கி நடுவது என் சொந்த மூளை. கோடையிலும் ஈரம் நிற்கும். அந்தக் கட்டம் இடப்பக்கம்தான் இருந்தது. ஆனால் மீசை நீண்டு நடுக்கோட்டைத் தாண்டிக் கிடந்தது.

"கோட்டைத் தாண்டினா உறுதியாச் சொல்ல முடியாது மாமா. நீங்க ஒருத்தர்தானே அப்படி நடுதிய, கன்னு எண்ணிக்கை காணாது."

இத்தனை காலம் மரம் வளர்த்தவனிடம் ஒரு மீசை சொல்கிறது, உறுதியில்லையாம்!

"கன்னு கூடினா மீசை குறுகும். ஆனா பாதிக் குழியில கதம்பை போடாம நடணும். ஒப்பிட்டுப் பாக்கணுமே."

"அது செத்துப்போனா?"

"செத்தாத்தான் மாமா உங்க முறை ஜெயிக்கும்."

வாழையையெல்லாம் பிடுங்க வைத்தேன். ஒன்றுவிட்டு ஒரு குழியில் கதம்பை வேண்டாம் என்று என் வாயாலேயே ஆளிடம் சொன்னேன். நான் உண்டாக்கிய மண்ணில், நான் நட்ட கன்று பட்டுப்போகட்டும் என்று காத்துக் கிடக்கவேண்டிய கெதிகேடு எனக்கு.