நாத்தனார் முடிச்சு

சித்தப்பா கல்யாணத்துக்கு அப்பா ஆளாளுக்குத் துணி எடுத்தார். அம்மாவுக்குப் பட்டு, எட்டு வயதான எனக்குப் பாவாடை சட்டை, அத்தைக்கு வேட்டி சட்டை. அத்தை அவருக்குத் தம்பியாகப் பிறந்தவள். தம்பிக்கு வேட்டி எடுப்பதுதானே முறை என்று அவர் பாட்டுக்கு எடுத்துவிட்டார். கடலூரில் ஒரு லேப்பில் ரத்தம் எடுக்கும் வேலை பார்த்த அத்தை, எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் சேலையில்தான் வருவாள். பேச ஆரம்பித்ததிலிருந்து எனக்கு அவள் அத்தைதான். அப்பா மட்டும் விடாமல் ‘டா’ போட்டுக்கொண்டிருந்தார்.

எங்கள் பக்கம் தாலியில் முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவார். மற்ற இரண்டும் அவர் கூடப் பிறந்தவள் போட வேண்டியவை. அதை நாத்தனார் முடிச்சு என்பார்கள். மாப்பிள்ளைக்குக் கூடப் பிறந்த பெண்ணே இல்லை என்று சொல்லி, ரெட்டியார்பாளையத்துத் தூரத்து உறவுக்காரி ஒருத்தியை அப்பா அதற்கு ஏற்பாடு செய்திருந்தார். அத்தை விஷயம் தெரிந்தால் பெண் வீட்டார் கல்யாணத்தையே நிறுத்திவிடுவார்கள் என்று அவருக்கு உள்ளூர நடுக்கம்.

மூலக்குளம் மண்டபத்துக்கு அத்தை கிளிப்பச்சைப் பட்டில், தலை நிறைய மல்லிகையோடு வந்து இறங்கினாள். வேட்டி சட்டையைப் பிரிக்காமல் பையோடு அப்பா கையில் கொடுத்தாள்.

“கடைசி வரிசையில குந்து. சாப்ட்டுட்டு சத்தமில்லாம கெளம்புடா” என்றார் அப்பா.

அத்தை உட்காரவே இல்லை. மேடைப் படிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். நானும் போய் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

ஐயர் கெட்டிமேளம் சொன்னார். மேளம் முழங்கியது. சித்தப்பா தாலியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். கடையில் மிச்சச் சில்லறையைக் கேட்டு வாங்கக்கூடக் கூச்சப்படுகிற மனுஷர் அவர். ஐயர் கையை ஆட்டி ஆட்டிப் பார்த்தார். நாதஸ்வரக்காரருக்கு மூச்சு முட்டி முகம் சிவந்ததுதான் மிச்சம். கடைசியில் மேளம் நின்றதும் சித்தப்பா சொன்னார்: “எங்க அக்கா வரட்டும்.”

மண்டபமே திரும்பிப் பார்த்தது. அத்தை படியேறினாள். அப்பா குறுக்கே வந்து நின்றார்.

“வழி விடு அண்ணே. நான் சண்டை போட வரல. முடிச்சு போட வந்திருக்கேன்.”

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் நகரவும் இல்லை. அப்பா பெண் வீட்டார் பக்கம் ஒருமுறை பார்த்தார், சித்தப்பாவைப் பார்த்தார், பிறகு ஒதுங்கினார். தூரத்து உறவுக்காரி தானாகவே பின்னால் போய்விட்டாள். மேடையில் நிற்பது என் அத்தை என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒரு மாமியிடம்கூட அதைச் சொன்னேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மேளம் மறுபடி முழங்க, சித்தப்பா முதல் முடிச்சைப் போட்டார். அத்தை பெண்ணுக்குப் பின்னால் போய்க் குனிந்தாள். அப்போது பெண்ணின் அம்மா மகள் தோளைப் பிடித்துக் காதில் ஏதோ சொன்னார். தலை குனிந்திருந்த பெண் அந்தக் கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டாள். பூ வைத்துப் பின்னிய ஜடையைத் தூக்கி முன்னால் போட்டு, கழுத்தை அத்தைப் பக்கம் சாய்த்தாள். அத்தை இரண்டு முடிச்சையும் நிதானமாகப் போட்டாள்.

தன் அம்மா காதில் என்ன சொன்னார் என்பதைச் சித்தி எனக்குச் சொன்னது நான் காலேஜ் முடித்த பிறகுதான்.

“எழுந்திரும்மா, போயிடலாம்னாங்க.”

அன்று எனக்கு அதெல்லாம் தெரியாது. பூ கனத்ததால்தான் ஜடையை முன்னால் போட்டுக்கொள்கிறாள் என்று நினைத்தேன். கையில் இருந்த அட்சதையை, அத்தை தலையிலும் விழட்டும் என்று எம்பி எம்பி வீசிக்கொண்டிருந்தேன்.