வடக டப்பாவுக்குள் மாத்திரை

எனக்கு வலிப்பு வரும் என்பது ரெட்டியார்பாளையத்தில் எங்கள் வீட்டைத் தவிர யாருக்கும் தெரியாது. பெண் பார்க்க வந்தவர்களிடம் அம்மா அதைச் சொல்லவில்லை. மாப்பிள்ளை பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர், பாரீசில் வேலை. அப்படிப்பட்ட சம்பந்தத்தை எந்த மில் தொழிலாளி வீடு கைநழுவ விடும்? நானும் வாயைத் திறக்கவில்லை. பழியை அம்மா தலையில் மட்டும் கட்ட எனக்கு மனம் வரவில்லை.

கல்யாணம் முடிந்த கையோடு அவர் கிளம்பிவிட்டார். என் பேப்பரெல்லாம் சரியாகி, மறுபடி அவரே வந்து அழைத்துப்போனது எழுபதுகளின் கடைசியில். மாத்திரையை விட்டால் வலிப்பு வரும். கையில் வைத்திருந்தால் அவர் கண்ணில் படும். பெரியாஸ்பத்திரிச் சீட்டில் நோயின் பெயர் இருந்ததால் அதை அம்மா வீட்டிலேயே வைத்துக்கொண்டாள். மாத்திரைகளை அட்டையிலிருந்து உரித்து, பிளாஸ்டிக் பையில் முடிந்து, டப்பாவின் அடியில் போட்டு, மேலே வடக உருண்டைகளை அடுக்கினாள். "வடகத்த எந்த ஆம்பள கிளறப் போறான்?" என்றாள். எனக்கும் அது பெரிய சாமர்த்தியமாகத்தான் பட்டது.

பாரீஸ் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி கிளறினார். பெட்டியைத் திறந்ததுமே வெங்காயமும் பூண்டும் விளக்கெண்ணெயும் சேர்ந்த வாடை தூக்கியடித்தது. மனிதர் மூக்கைச் சுளித்தபடி டப்பாவை மேசைமேல் கவிழ்த்தார். கடைசியாகப் பை விழுந்தது. அட்டை இல்லாத வெள்ளை மாத்திரைகள், டாக்டர் சீட்டும் இல்லை. எனக்குப் பிரெஞ்சு தெரியாது. அதிகாரி கேட்டதை என் கணவர்தான் தமிழில் சொன்னார்.

"யாருதுன்னு கேக்குறாரு."

எங்கள் ஊரிலிருந்து யார் பிரான்சுக்குப் போனாலும் பாதிப் பெட்டி அடுத்தவர் சாமான்தான். வாங்க மாட்டேன் என்றால் மனக்கசப்பு, பிரித்துப் பார்த்தால் மரியாதை இல்லை. பாரீசில் என் கணவர் இருந்த கட்டடத்திலேயே குடியிருந்த ஒருவருக்கு, வைத்திக்குப்பத்தில் இருந்த அவருடைய அம்மா கொடுத்தனுப்பிய கருவாட்டுப் பொட்டலமும் அந்தப் பெட்டியில் இருந்தது. மாத்திரையும் அந்த அம்மா தன் பிள்ளைக்குக் கொடுத்ததுதான் என்று சொல்லிவிட்டேன். ஊரில் இப்படிச் சொன்னால் பேச்சு அதோடு முடிந்துவிடும்.

அங்கே அதுவே வினையாகிவிட்டது. என் மருந்து என்றிருந்தால் சீட்டுதான் கேட்டிருப்பார்கள். யாரோ கொடுத்த, என்னவென்று தெரியாத மாத்திரை என்றதும் இன்னொரு அதிகாரி வந்தார். அந்தப் பிள்ளையின் பெயரையும் விலாசத்தையும் கேட்டார்கள். போலீஸ் அவர் வீட்டுக்குப் போகும் என்றார் என் கணவர். அவர் குரலே மாறியிருந்தது. அந்த அம்மா, என் புடவைகளில் மீன் வாடை ஏறிவிடக் கூடாதென்று, பொட்டலத்துக்குத் தன் பழஞ்சேலையைக் கிழித்து இன்னொரு சுற்று சுற்றித் தந்திருந்தாள். அவள் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ளப் போகிறோமே என்று உடம்பெல்லாம் கூசியது.

"என்னுதுங்க. எனக்கு வலிப்பு வரும். சின்ன வயசுலேர்ந்து."

அவர் என்னையே பார்த்தார். இதைக் கேட்கும் புருஷன் கோபப்படலாம், முகத்தைத் திருப்பிக்கொண்டு போகலாம். அவருக்கு அதற்குக்கூட அவகாசம் இல்லை. தான் அப்போதுதான் கேட்டதை, அந்த நிமிடமே பிரெஞ்சில் முன்பின் தெரியாத ஒருவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லும்போது தடுமாறினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அதிகாரிகள் விடவில்லை. எந்த வயதில் வந்தது, எந்த டாக்டர், ஒரு வேளைக்கு எத்தனை என்று துருவினார்கள். ஒவ்வொன்றுக்கும் "கேக்குறாரு", "கேக்குறாரு" என்றபடியே அவர் என் பக்கம் திரும்பினார். தன் கேள்வியாக ஒன்றும் கேட்கவில்லை. அறைந்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். கடைசியில் அங்கிருந்த டாக்டர் ஒருவர் வந்து, மாத்திரையில் இருந்த எழுத்தைப் பார்த்துவிட்டு, திருப்பிக் கொடுக்கச் சொன்னார். பையை என் கணவர் வாங்கிக்கொண்டார்.

"கடைசியா எப்பப் போட்ட?"

அதையும் அவர்கள்தான் கேட்கிறார்களா என்றேன்.

"இல்ல. நான் கேக்குறேன்."

பெட்டி விமானத்தின் அடியில் போய்விட்டதால் மெட்ராசிலிருந்து ஒன்றுகூடப் போடவில்லை. அதைச் சொன்னேன். அவர் அந்த அதிகாரியிடமே போய் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிவந்தார்.