சுவரில் விட்ட கண்

ஒரே முட்டாள்தனத்தை இரண்டு தடவை செய்தவன் நான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். முதல் தடவை பத்து வயதில், களிமண்ணும் கிழிந்த சாக்கும் வைத்துச் செய்தேன். இரண்டாம் தடவை தலை நரைத்த பிறகு, வெறும் வாயாலேயே செய்து முடித்தேன். அனுபவம் கூடக் கூட வேலை சுலபமாகிவிடுகிறது.

போடியில் எங்கள் தெருவுக்கு மழை வருவதற்கு முன்னால் அதன் வாடை வந்துவிடும். ஏலக்காய் லோடு ஏற்றிக்கொண்டு மலையிலிருந்து இறங்கும் ஜீப்பின் படுதா நனைந்திருந்தால், காய் வாசத்தோடு ஒரு புளித்த ஈர வாடையும் சேர்ந்து தெரு முழுக்கப் பரவும். ஊரில் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்கும், வானத்தில் பஞ்சளவு மேகம் இருக்காது, ஆனாலும் யாராவது ஒருவர் "படுதா சொட்டுது" என்று சொன்னால் போதும், காய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் சல்லடையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடுவார்கள். மலையில் பெய்தது அதற்குப் பிறகு கொஞ்ச நேரத்தில் எங்கள் கொல்லைக்கு வந்துவிடும்.

சரிவில் படி போல இறங்கும் தெரு அது. ஆகவே கட்டும்போதே ஒவ்வொரு கொல்லைச் சுவரின் அடியிலும் முழ அகலத்துக்கு ஒரு திறப்பு விட்டிருந்தார்கள். அதற்குப் பெயர் "கண்ணு". மலைத்தண்ணீர் மேல்வீட்டுக் கண்ணில் நுழைந்து, எல்லாக் கொல்லைகளையும் குசலம் விசாரித்துவிட்டு, கடைசி வீடான பேச்சியக்கா வீட்டைத் தாண்டி ஓடையில் விழும். படுதா சொட்டினால் அவரவர் கண்ணில் அடைத்திருக்கும் சருகையும் குப்பையையும் அவரவர் வாரிவிட வேண்டும். எங்கள் வீட்டுக் கண் என் பொறுப்பு. என் வீட்டார் செய்த ஒரே தவறு அதுதான்.

அந்தக் கண் என் பந்துகளை ஒவ்வொன்றாகப் பேச்சியக்கா கொல்லைக்கு விழுங்கிக்கொண்டிருந்தது. ஆகவே ஒருநாள் சாக்கைத் திணித்து, களிமண் பூசி, எருமை முட்டினாலும் அசையாதபடி அடைத்துவிட்டேன். மறுநாளே ஜீப் சொட்டிக்கொண்டு வந்தது. பேச்சியக்கா அப்போது புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண். சுவருக்கு மேலே தலையை நீட்டி, "அப்பு, ஒங்க கண்ணு தொறந்திருக்கா?" என்று கேட்டாள். அப்பா திண்ணமாக உதைப்பார் என்கிற பயத்தில் நான், "நான் பாத்துக்கிறேன்க்கா, நீங்க போங்க" என்றேன். அப்பா வெளியே போனதும் எடுத்துவிடுவதாகத்தான் திட்டம். அதற்குள் பணியாரம் சுட்டார்கள். நான் சாப்பிட உட்கார்ந்துவிட்டேன்.

தண்ணீர் சத்தமே இல்லாமல் வந்தது. கொல்லையில் கணுக்கால், முழங்கால் என்று ஏறி நின்றது. பிறகு சுவர் ஒரு பெருமூச்சு விட்டது போலச் சரிந்து பேச்சியக்காவின் அடுப்படி மேல் விழுந்தது. ஆட்டுக்குட்டியைப் பிடித்துக் கட்ட அவள் வெளியே வந்திருந்தாள். வந்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அப்பா என்னை அடிக்கவில்லை. "செவுரு நம்மளுதுடா. தண்ணி நம்மளுது இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். அடித்திருந்தால் மறந்திருப்பேன்.

எங்கள் வீடும் மேலே இருந்த மூன்று வீடுகளும் இப்போது ஒரு வணிக வளாகம். இரண்டாம் மாடியில் எனக்கு ஒரு வீடு கொடுத்திருக்கிறார்கள். பழசை இடிக்காதே என்று கொடி பிடித்தவன் இல்லை நான். ஆம்புலன்சு நுழையாத சந்தில் அப்பாவைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடியவன், வளாகத்தோடு வரும் நல்ல ரோட்டை வேண்டாம் என்று எப்படிச் சொல்வேன்? முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டேன். ஆனால் வேலை நடந்தபோது, வெளியூரிலிருந்து வந்த இளம் என்ஜினியர் கொல்லைச் சுவரைக் காட்டி, "இந்த ஓட்டை எதுக்கு சார்?" என்றார். கையில் கம்ப்யூட்டர் வைத்திருந்த அவரிடம், மலை எங்கள் வீட்டு வழியாகப் போகும் என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. விவரமானவன் போல, "பெருச்சாளி வருது, அடைச்சிருங்க" என்றேன். ரொம்ப நேர்த்தியாக அடைத்துவிட்டார். பழைய சுவர் இருந்த இடத்தில் இப்போது இருபது அடிச் சுவர். என் களிமண் போல இல்லை, கான்கிரீட்டு.

போன வாரம் ஒரு சின்னத் தூறல். அன்றிலிருந்து பேச்சியக்கா பக்கம் அந்தச் சுவரின் அடி காயவே இல்லை, விரல் வைத்தால் சில்லென்று கசிகிறது. என்ஜினியர் வேறு ஊருக்குப் போய்விட்டார். வளாகத்து ஆபீசில் எழுதிக் கொடு என்றார்கள், எழுதிக் கொடுத்தேன்.

இன்று மத்தியானம் நல்ல வெயில். ஒரு ஜீப் இறங்கி வந்து வளாகத்து வாசலில் நின்றது. படுதா சொட்டியது. கடைகளில் இருந்தவர்கள் யாரும் தலை நிமிரவில்லை. ஒருவன் மட்டும் போனைப் பார்த்து, "மழ இல்லன்னு போட்டிருக்குண்ணே" என்று எனக்கு ஆறுதல் சொன்னான். நான் சரிவில் இறங்கிக் கடைசி வீட்டுக்கு ஓடினேன். பேச்சியக்கா தன் வீட்டுக்குள் அரிசி மூட்டையைப் பரணில் ஏற்ற முடியாமல் ஏற்றிக்கொண்டிருந்தாள். மேற்கே மலை தெரியவில்லை, அந்த இடத்தில் கறுப்பாக ஏதோ நின்றது.

"அக்கா, வெரசா மேல எங்க வீட்டுக்கு வந்துருங்க. செவுத்த நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

மூட்டையிலிருந்து கையை எடுக்காமலே அவள் சொன்னாள்: "அன்னைக்கும் இதத்தான் சொன்ன."