ஏழாம் நம்பருக்குப் போன அழைப்பு

சபையில் எழுந்து நின்று பேச எனக்குத் தைரியம் கிடையாது. மூன்று தடவை முயற்சி செய்து மூன்று தடவையும் உட்கார்ந்துவிட்டேன். அதனால் கர்த்தர் எனக்குச் செய்ததை எழுதித் தருகிறேன். போதகர் அம்மா வாசிப்பார்கள். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பத்தாவது வரைதான் படித்தேன்.

1987-ஆம் வருடம் எனக்கு நாற்பத்திரண்டு வயது. ஓசூரில் ஒரு மோட்டார் கம்பெனியில் வைண்டிங் பிரிவில் பத்து வருடமாக வேலை. தலைமுடி மாதிரி மெல்லிய செம்புக் கம்பியைச் சுருளாகச் சுற்ற வேண்டும். அந்த வருடம் மழைக்காலத்தில் கம்பி எனக்கு இரண்டாகத் தெரிய ஆரம்பித்தது. யாரிடமும் சொல்லவில்லை. கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் போய்க் காட்டினேன். டாக்டர் கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். கடைசியில், "பொடி வேலையை விட்டுடும்மா. இனி கண்ணாடி மாத்திப் பிரயோஜனமில்ல" என்றார்.

விட்டுவிட்டு எங்கே போவேன்? அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கல்யாணம் அமையவில்லை. தம்பி சேலத்தில் அவன் குடும்பத்தோடு இருக்கிறான். நான் ஒரு லைன் வீட்டில் ஒரே அறையில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தால் அதற்குப் பிறகு பேச ஆள் கிடையாது. திங்கட்கிழமை காலையில் பஸ்ஸில் டிக்கெட் கேட்கும்போது என் குரல் எனக்கே புதிதாகக் கேட்கும்.

என் சுருள்கள் ரிஜெக்ட் ஆகத் தொடங்கின. சூப்பர்வைசர் ஒன்றும் சொல்லாமல் என் தட்டைத் தனியாக எடுத்து வைப்பார். அவர் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டினார்கள். டெலிபோன் ஆப்பரேட்டர் வேலை, ஒரு இடம், கம்பெனிக்குள் இருப்பவர்கள் விண்ணப்பிக்கலாம். கண்ணுக்கு வேலை இல்லாத வேலை. அந்தத் தாளை மூன்று நாள் தள்ளி நின்றே பார்த்தேன்.

ஆனால் அந்த இடம் சுமதிக்கு என்று எல்லாருக்கும் தெரியும். பழைய ஆப்பரேட்டர் கல்யாணமாகிப் போனதிலிருந்து சுமதிதான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சேலத்துப் பெண், இருபத்தைந்து வயது. இங்கிலீஷ் சரளமாக வரும். பர்சனல் ஆபீசரே, "உனக்குத்தாம்மா, ரூலுக்காக நோட்டீஸ் போட்டிருக்கோம்" என்று அவளிடம் சொல்லிவிட்டாராம். அவளுடைய ஸ்வெட்டர் அந்த நாற்காலியின் முதுகிலேயே தொங்கும். அதனால் வேறு யாரும் விண்ணப்பிக்கவில்லை.

நான் விண்ணப்பித்தேன். பக்கத்து மெஷின் நாகம்மா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஏக்கா லில்லி, நீயா போன்ல பேசப்போற? நேர்ல நின்னு கேட்டாலே உன்கிட்ட பதில் வர்றதுக்குள்ள ஷிப்ட் முடிஞ்சிடுமே!"

"கேட்டுப் பாக்கறேன், அவ்ளோதான்" என்றேன்.

"கேளு கேளு. சுமதி ஸ்வெட்டர எடுத்து மடிச்சு வெக்கற வேலையாவது குடுப்பாங்க."

அவள் கெட்டவள் இல்லை. உண்மையைத்தான் சொன்னாள். மதியம் சாப்பாட்டு நேரத்தில் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு ஜெபம் செய்தேன். தினமும் செய்தேன். என்ன ஜெபம் செய்தேன் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். முதலில், "ஆண்டவரே, எனக்கு இங்கிலீஷ் வர வேண்டும்" என்று கேட்டேன். இரண்டாவது வாரம், "ஆண்டவரே, அந்த நாளில் சுமதிக்குத் தொண்டை கட்டிக்கொள்ளட்டும்" என்று கேட்டேன். கேட்ட பிறகு ஒருநாள் முழுவதும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இப்படிப்பட்டவளுக்கு அவர் எப்படிச் செவி கொடுப்பார் என்று அழுதேன். அதற்குப் பிறகு எனக்கு வார்த்தையே வரவில்லை. "ஆண்டவரே, நான் தனியாக இருக்கிறேன்" என்று மட்டும் சொல்வேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்குக் கன்னடம் தெரியும். எங்கள் அப்பா கர்நாடக எல்லையில் இருக்கும் தளிக்குப் பக்கத்துக் கிராமங்களில் உபதேசியாராக இருந்தவர். நான் அந்தக் காட்டுப் பக்கத்துப் பிள்ளைகளோடு வளர்ந்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் கேண்டீனில் கன்னடத்தில் பேசினேன். பெங்களூர் பக்கத்துப் பெண்கள், "ஐயோ, இது ஆடு மேய்க்கறவங்க பேசற கன்னடம்" என்று சிரித்தார்கள். அன்றைக்கு வாயை மூடியவள்தான். பத்து வருடம் அந்தப் பேச்சை நான் திறக்கவே இல்லை. விண்ணப்பத்தில் தெரிந்த மொழிகள் என்ற இடத்திலும் தமிழ், கொஞ்சம் ஆங்கிலம் என்று மட்டும் எழுதினேன்.

நவம்பர் மாதம் ஒரு வியாழக்கிழமை என்னை ஒரு மணி நேரம் டெலிபோன் போர்டில் உட்கார்ந்து காட்டச் சொன்னார்கள். சொல்லிக்கொடுக்கச் சுமதி பக்கத்தில் நின்றாள். முதல் மணி அடித்தது. எடுத்து, "வணக்கம்" என்றேன். எதிர்ப்பக்கம் யாருக்கும் கேட்கவில்லை. "சத்தமா சொல்லுங்கக்கா" என்றாள். இரண்டாவது தடவையும் அப்படியே ஆனது.

மூன்றாவது அழைப்பில் யாரோ ஒரு பெரியவர் கத்தினார். எனக்குக் காது அடைத்துவிட்டது, ஒன்றுமே ஓடவில்லை. சுமதி இரக்கப்பட்டுப் போனைத் தன் கையில் வாங்கினாள். கேட்டாள். "ஏழாம் நம்பர் கேக்கறாருக்கா" என்று ஏழுக்கு இணைத்தாள். ஏழு என்றால் ஒர்க்ஸ் மேனேஜர் அறை. அவர் சென்னைக்காரர். சுவருக்கு அந்தப் பக்கம் அவர், "ஹலோ, யாருய்யா? வாட்? என்னய்யா வேணும்?" என்று கத்தி, போனை வைப்பது எங்களுக்கே கேட்டது.

உடனே மறுபடி மணி. சுமதி எடுத்தாள். அதே ஆள். கத்தலில் அவள் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தாள்.

"திரும்ப ஏழுதான் கேக்கறாரு. 'ஏளு, ஏளு'ன்றாரு. பஸ்ல கண்டக்டர் ஏழுக்கு அப்படித்தானே சொல்வாரு? பெரிய சார் என்னைக் கொல்லப்போறாரு."

அப்போது எனக்கும் கேட்டது. "ஏளவ்வா! மாதப்பங்கே ஏளு!"

சகோதர சகோதரிகளே, கன்னடத்தில் ஏழு என்ற எண்ணுக்கு 'ஏளு' என்றுதான் சொல்வார்கள். 'சொல்லு' என்பதற்கு 'ஹேளு' என்பார்கள். ஆனால் தளிக் காட்டுப் பக்கத்தில் அந்த ஹகாரம் கிடையாது. அங்கே சொல்லு என்பதும் 'ஏளு'தான். கேண்டீனில் அவர்கள் எதற்குச் சிரித்தார்களோ, அதே சொல்.

அந்தப் பெரியவர் நம்பர் கேட்கவில்லை. "சொல்லும்மா, மாதப்பனுக்குச் சொல்லு" என்று கதறிக்கொண்டிருந்தார்.

எப்படிச் செய்தேன் என்று தெரியாது. சுமதி கையிலிருந்து போனைப் பிடுங்கினேன். "தாத்தா, ஏளி. மாதப்பங்கே ஏன் ஏள்பேக்கு?" என்றேன். மாதப்பனுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று அந்தப் பேச்சிலேயே கேட்டேன். என் குரல் அந்த அறை முழுவதும் கேட்டது. பெரியவர் அழுதுகொண்டே சொன்னார். தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் வேலை செய்யும் மாதப்பன் அவர் மருமகன். மகள் தேன்கனிக்கோட்டை ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்குச் சேர்ந்திருக்கிறாள். ரத்தம் போய்க்கொண்டே இருக்கிறது. ரத்தம் கொடுக்க ஆள் வேண்டும்.

"ஏள்தீனி தாத்தா, ஈகலே ஏள்தீனி" என்றேன். இப்போதே சொல்கிறேன் என்று.

விஷயத்தைச் சொன்னதும் சுமதி கேட் பாஸ் வாங்க ஓடினாள். நான் பிரஸ் ஷாப்புக்கு ஓடினேன். மாதப்பன் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு கம்பெனி வேனிலேயே போனான். அன்று சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிழைத்தாள்.

ஆனால் என் ஒரு மணி நேரம் ஓட்டத்திலேயே முடிந்துவிட்டது. யாரும் என்னைக் கூப்பிட்டு ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் நான் பழையபடி கம்பி சுற்றினேன். ஆப்பரேட்டர் வேலை போனதுதான் என்று நினைத்தேன். ஆனாலும் அன்றைக்குச் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் நின்று, முதல் தடவையாக ஒன்றும் கேட்காமல் நன்றி சொன்னேன். அந்தப் பெண் பிழைத்தாளே, அது போதும் என்று இருந்தது.

திங்கட்கிழமை சுமதி எங்கள் பிரிவுக்கே வந்தாள்.

"அக்கா, பெரிய சார் என்னைக் கூப்பிட்டு, 'மாதப்பன் விஷயத்துல நல்லா செஞ்சேம்மா'ன்னாரு. நான் இல்ல சார், நான்தான் ஏழுன்னு நெனச்சு உங்க ரூமுக்குப் போட்டேன், புரிஞ்சது லில்லியக்காவுக்குத்தான்னு சொல்லிட்டேன்."

"ஏம்மா சொன்னே? அந்த வேலை உனக்குன்னு…"

"அந்த ஆளு பொண்ணு செத்திருந்தா நான் தூங்கியிருப்பேனாக்கா? இங்க பாதிப் பேரு வீட்லேர்ந்து வர்ற போனு கன்னடம், தெலுங்குதான். எனக்கு அதுல நம்பர் மட்டுந்தான் தெரியும்."

என்னால் தாங்க முடியவில்லை. அவளுக்குத் தொண்டை கட்ட வேண்டும் என்று நான் ஜெபித்ததை அங்கேயே சொல்லிவிட்டேன். அவள் கண்ணை விரித்தாள்.

"அடப்பாவி அக்கா! அதான் போன வாரமெல்லாம் எனக்கு இருமலா?"

சிரித்துவிட்டு என் தோளில் கை வைத்தாள். ஒரு மனுஷக் கை என் தோளில் பட்டு எத்தனை நாள் ஆகியிருக்கும் என்று அப்போது நினைத்தேன்.

பதினைந்து நாள் கழித்து ஆர்டர் என் பெயருக்கு வந்தது. சுமதிக்குப் பர்ச்சேஸ் பிரிவில் டைப்பிஸ்ட் வேலை கொடுத்தார்கள். போனில் பேச வேண்டிய இங்கிலீஷ் வாக்கியங்களை ஒரு அட்டையில் எழுதி, எனக்கு அவள்தான் சொல்லிக்கொடுத்தாள்.

நான் இங்கிலீஷ் கேட்டேன், அவர் தரவில்லை. அடுத்தவளுக்குக் கெடுதல் கேட்டேன், அதையும் அவர் என் கணக்கில் வைக்கவில்லை. நான் வெட்கப்பட்டு ஒளித்து வைத்ததை எடுத்து ஒரு உயிரைக் காப்பாற்றினார். பிறகு எனக்கும் வழி செய்தார்.

இது நடந்து ஏழெட்டு வருடம் ஆகிறது. என் தனிமை அடியோடு போய்விட்டது என்று எழுதினால் அது பொய். சாயங்காலம் வீட்டுப் பூட்டை நான்தான் திறக்கிறேன். ஆனால் நான் சொன்ன அந்த ஒரு வரி ஜெபத்தை அவர் கேட்டார் என்று தெரிந்து திறக்கிறேன். அதில் வித்தியாசம் இருக்கிறது.

உங்களில் யாருக்காவது அழகாக ஜெபிக்க வரவில்லையா? நடக்காது, அது ஏற்கெனவே வேறொருவருக்கு என்று எல்லாரும் சொல்லிவிட்டார்களா? உங்களுக்கு வரும் பேச்சிலேயே அவரிடம் சொல்லுங்கள். அவருக்குப் புரியும். தனியாகச் சொல்லப் பயமாக இருந்தால், ஆராதனை முடிந்ததும் கடைசி வரிசையில் ஜன்னல் பக்கம் பாருங்கள். நான் அங்கே இருப்பேன். நான் அதிகம் பேச மாட்டேன். வந்து பக்கத்தில் உட்காருங்கள், சேர்ந்து ஜெபிப்போம்.