அப்பாவின் ஜாடை

என் அப்பா கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியிலிருந்து செம்புக் கம்பி திருடி, ஜெயிலுக்குப் போய் வந்தவர். அவருக்கு இரண்டு புருவமும் சேர்ந்திருக்கும், காதுகள் விடைத்துக்கொண்டு நிற்கும். எனக்கும் அதே ஜாடை. பெண் பார்க்க வருகிறார்கள் என்றாலே, நடுப்புருவத்தை எடுக்க அம்மா என்னை மணவாள நகர் பியூட்டி பார்லருக்கு இழுத்துக்கொண்டு ஓடுவாள். முடியை எடுத்தால் அப்பா சம்பாதித்த பெயர் போய்விடுமா?

எல்லாம் தெரிந்துதான் என் கணவர் என்னைக் கட்டினார். அதற்காகவே அவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடினேன். வேறொரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி சூப்பர்வைசர் அவர். பிரமோஷனுக்காகத் தபால்வழியில் குற்றவியல் படித்தார். ஒருநாள் பாடத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டினார். ஐரோப்பாவில் அந்தக் காலத்து டாக்டர் ஒருவர் கைதிகளின் மண்டையை அளந்து பார்த்து, திருடன் பிறக்கும்போதே திருடன், முகத்திலேயே தெரியும் என்று எழுதினாராம். இங்கே வெள்ளைக்காரனும் அதே நினைப்பில் சில சாதிகளையே பிறவிக் குற்றவாளிகள் ஆக்கிச் சட்டம் போட்டானாம். டாக்டர் சொன்ன அடையாளங்களில் சேர்ந்த புருவமும் விடைத்த காதும் இருந்தன.

"அந்தாளு கணக்குல பாத்தா நீயும் கேடிதான் போ" என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் புத்தகத்தை மூடிவிட்டார். "தோ பாரு, அதெல்லாம் சுத்தப் பொய்னு எப்பவோ தூக்கிப் போட்டாங்க. இதுக்குப் போயி மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு கீறியே." பரீட்சையிலும் அப்படித்தான் எழுதினார், பாஸும் ஆனார். நானும் நம்பித் தொலைத்தேன்.

போன மாதம் அங்கன்வாடியிலிருந்து வந்த எங்கள் மகளின் கவுன் பாக்கெட்டில் வேறொரு குழந்தையின் கிரேயான் இருந்தது. நாலு வயசுக் குழந்தை. நாளைக்குத் திருப்பிக் கொடுத்துவிடு என்று சொன்னால் முடிந்துபோகிற சமாசாரம். ஷிப்ட் முடிந்து வந்தவரிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்.

அவர் முகம் சுண்டிவிட்டது. மகளை ஜன்னலருகே கூட்டிப்போய், தாடையைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"இன்னா நைனா பாக்குற?" என்றாள் அவள்.

அவள் விளையாட ஓடியதும் அடுப்படிக்கு வந்து, குரலைத் தணித்துக்கொண்டு என்னிடம் கேட்டார்.

"உங்கப்பாவுக்கு இந்தப் பழக்கம் எந்த வயசுல ஆரம்பிச்சிது?"

கோபமாகக் கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். பரம்பரை வியாதியை விசாரிக்கிற டாக்டர் மாதிரி, அத்தனை அக்கறையாகக் கேட்டார்.