நாத்தனார் முடிச்சு

தீபாவளி முறுக்கு வியாபாரம் முடிந்த வாரம் என் வலது கை என்னைக் கைவிட்டது. கேஸ் தோங்கை, முழு சிலிண்டரை, தூக்க முடிந்தது. ரவிக்கைக் கொக்கியை மாட்ட முடியவில்லை. வலியும் இல்லை, மரத்துப்போகவும் இல்லை. அப்பாவுக்கு வாதம் கையில்தான் ஆரம்பித்தது. எனக்கும் அதுதான் என்று முடிவுகட்டினேன்.

வைகாசியில் தம்பிக்குக் கல்யாணம். தாலியில் முதல் முடிச்சை அவன் போட்டதும் மிச்சம் இரண்டையும் போட வேண்டியவள் ஒரே அக்காவான நான். "முடியாட்டி சின்னம்மா மக போடட்டுமே," என்று அத்தை ஆறுதல் சொன்னாள். அந்த ஆறுதலை அவளே வைத்துக்கொள்ளட்டும் என்று இருந்தது எனக்கு.

என் கணவர் சும்மா இருப்பவர் இல்லை. பீடோர் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த உரமான கை அவருக்கு. தினமும் தைலம் ஊற்றி, என் உள்ளங்கையின் அடிப்பக்கம், மணிக்கட்டை ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தி உருவிவிட்டார். "அழுத்துனாத்தான்லா ரத்தம் ஓடும்." ஆனால் என் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருந்த சதை வற்றிக் குழி விழுந்துகொண்டே வந்தது.

ஈப்போவில் ஒரு தமிழ் டாக்டர், சின்னப் பெண், என் விரலிடுக்கில் ஒரு காகிதத்தை வைத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். லேசாக இழுத்தார். வந்துவிட்டது.

"வாதம் இல்லக்கா," என்றார். "தோங் தூக்குறது முன்கைத் தசை. அது நல்லா இருக்கு. விரல விரிக்கிறது, சேக்கிறது, முடிச்சுப் போடுறது எல்லாம் உள்ளங்கை எலும்புங்களுக்கு நடுவுல இருக்கிற குட்டித் தசைங்க. அதுக்குப் போற நரம்பு இந்த எடத்துல, உள்ளங்கை அடியில, நசுங்கியிருக்கு. இங்க எத வச்சு அழுத்துனீங்க?"

முறுக்கு அச்சை வைத்துத்தான், சீசன் முழுக்க. அதே இடத்தைத்தான் என் கணவரும் பாசத்தோடு நசுக்கிக்கொண்டிருந்தார். இரண்டையும் சொன்னேன்.

"மொதல்ல அண்ணன நிறுத்தச் சொல்லுங்க," என்றார் டாக்டர், பக்கத்தில் நின்ற என் கணவரைக் காட்டி.

அண்ணன் கூரையைப் பார்த்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அங்கேயே அழுதேன்.

அப்புறம் அச்சைத் தொடவில்லை. கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்ததும் ஒன்றை விரலிடுக்கில் பிடிப்பேன், கணவர் இழுப்பார். முதலில் அவர்தான் ஜெயித்தார். போகப் போகப் பத்திரிகை கிழிந்தது.

புந்தோங் கோயிலில் தம்பி முதல் முடிச்சைப் போட்டுவிட்டு நூலை என்னிடம் விட்டான். என் விரல்கள் பிடித்தன, சுற்றின, இழுத்தன. இரண்டு முடிச்சும் விழுந்தது. அத்தை பார்க்கட்டும் என்று இன்னொரு இழுப்பு இழுத்தேன்.

தலை குனிந்திருந்த மணப்பெண் மெதுவாகச் சொன்னாள்: "அண்ணி, கூந்தலையும் சேத்துக் கட்டிட்டீங்க. வலிக்குது."

"கொஞ்சம் பொறுத்துக்கம்மா," என்றேன். தாலி முடிச்சை அவிழ்க்கக் கூடாது. எனக்கு அவிழ்க்க மனசும் இல்லை.