பிள்ளைக்குப் போன பெயர்

கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரைக்குப் போகும் ஒழுங்கையொன்றில், ஒரு வீட்டில் பதினெட்டு வருடமாக வேலை செய்கிறேன். கேட் திறப்பேன், மீன் வாங்கி வருவேன், செடிகளுக்குத் தண்ணீர் விடுவேன். தேயிலைத் தோட்டத்தில் ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றவன். அதிகம் பேசத் தெரியாது.

என் பெயர் தோட்டத்துக் கோயில் சாமியின் பெயர் என்பார் அப்பா. அம்மா ஒப்புக்கொள்ள மாட்டாள். எனக்கு முன் பிறந்து நாற்பது நாளில் செத்துப்போன அண்ணனின் பெயர் அது என்பாள். வேறு பெயர் யோசிக்க அவளுக்குத் தெம்பு இருக்கவில்லையாம்.

வீட்டுக்கார அம்மாவின் மகளுக்குப் பிள்ளை பிறந்தது. சாதகம் பார்த்த சாத்திரியார் சொன்ன எழுத்துக்கு மகள் ஃபோனில் பெயர் தேடினார்.

"அம்மா, இது வடிவான பேர். சமஸ்கிருதமாம். ஆராலும் வெல்ல ஏலாதவன் எண்டு கருத்து."

அது என் பெயர். மீன் பையோடு நின்ற நான் சிரித்துவிட்டேன். நாற்பத்தொன்பது வயதில்தான் அதற்கு ஒரு கருத்து இருப்பது தெரிந்தது.

"இவன்ர பேரெல்லோ அது?" என்றார் வீட்டுக்கார அம்மா.

"அதுக்கென்ன, இவனை வேற பேர் சொல்லிக் கூப்பிடுவம்."

"ஓம், பிள்ளையின்ர பேரைச் சொல்லி இவனை ஏச ஏலாது."

"எங்கட நாய் செத்த பிறகு அதின்ர பேர் சும்மாதானே கிடக்கு. உங்களுக்கு வாயில பழகினது."

இருவரும் சிரித்தார்கள். அது அண்ணனுடைய பெயர், விட்டுவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"என்னடா, சரிதானே?"

"சரிங்கம்மா."

முப்பத்தோராம் நாள் பிள்ளைக்குப் பெயர் வைத்தார்கள். உள்ளே அம்மா அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அத்தனை செல்லமாக அதை நான் கேட்டதேயில்லை. "வந்துட்டேங்கம்மா" என்று ஓடினேன். வந்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"உன்னை ஆரடா கூப்பிட்டது?" என்றார் மகள். அம்மா நாயின் பெயரைச் சொல்லி, வாசலில் கிடந்த செருப்புகளை ஒதுக்கச் சொன்னார். ஒதுக்கினேன்.

பெற்றவர்கள் இப்போது இல்லை. என் பிள்ளைகளுக்கு நான் அப்பா. அந்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்கு ஃபோன் எடுத்து, என் பெயரை ஒரு தடவை சொல்லும்படி மனைவியிடம் கேட்டேன்.

"என்னாங்க, கிறுக்கா? புருசன் பேரச் சொன்னா ஆயுசு கொறஞ்சிடும்."

"கொறஞ்சா கொறயட்டும். சொல்லேன்."

பிறகு என் மகளின் குரல் கேட்டது.

"அப்பா, அம்மாவ என்னா சொன்னீங்க? ஃபோன வச்சிட்டுப் போயிருச்சி."